மங்களாம்பிகையின் எழுநூறு மில்லி

"டையும் வேண்டாம், கிய்யும் வேண்டாம்! எங்க அண்ணி ஒடம்புல ஒரு சொட்டு எறங்க விடமாட்டேன், சொல்லிட்டேன்!"

கலைமகள் இதைச் சொன்னது தன் அண்ணன் வீட்டு வாசலில் நின்று. கேட்டது அய்யம்பேட்டை வரைக்கும்.

"அத்தை, நீங்க என்ன டாக்டரா?" என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. அண்ணன் வைரக்கண்ணு நீட்டிப் பிடித்திருந்த போனில் அவருடைய மகன் அரவிந்தன். முகம் பாதியும் மின்விசிறி பாதியுமாகத் தெரிந்தான்.

"டாக்டர் இல்லடா. ஆனா எங்க மாமனாரைப் பாத்தவ. குத்துக்கல்லாட்டம் இருந்த மனுஷன். சர்க்கரை மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. மன்னார்குடியில டை போட்டு ஸ்கேன் எடுத்தாங்க. மூணாம் நாள் மூத்திரம் நின்னு போச்சு. மாசம் திரும்பறதுக்குள்ள படத்துக்கு மாலை போட்டாச்சு."

"அவருக்கு வேற ஏதாவது காரணம் இருந்திருக்கும் அத்தை."

"ஆமா, நீதான் சிங்கப்பூர்லேருந்து எட்டிப் பாத்த!"

பக்கத்து வீட்டுக்காரி நான், அப்போது மதில் ஓரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கொத்துப் பறிக்க எனக்கு இருபது நிமிடம் பிடிக்கும், சண்டை நல்ல சண்டையாக இருந்தால்.

விஷயம் இதுதான். வைரக்கண்ணுவின் மனைவி மங்களாம்பிகைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள். போன வியாழக்கிழமை மூன்றாவது மணி நேரத்தில் யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றுவதுபோல வலித்திருக்கிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களுக்குள் ஒரு மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால், அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த மருந்தைத்தான் தெருவே டை என்கிறது. தலைக்குப் பூசுகிற டையையே நெஞ்சுக்குள் ஊற்றுகிறார்கள் என்று எதிர்வீட்டு நாகம்மாள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

"அண்ணிக்கு இன்னும் எழுநூறு போகுது. அந்த எழுநூறுதான் அவங்களுக்கு உசுரு. டை போட்டா அதுவும் நின்னுடும். அப்புறம் ஒரு வாய் காப்பிக்கு அல்லாடணும்" என்றாள் கலைமகள்.

இந்த எழுநூறைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீரில் கட்டுப்பாடு உண்டு. ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் பிரிகிறதோ அந்த அளவும், அதற்கு மேல் அரை லிட்டரும்தான் குடிக்கலாம். காப்பி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். பல பேருக்குக் கொஞ்ச காலத்தில் சிறுநீர் சுத்தமாக நின்றுவிடும். மங்களத்துக்கு ஆரம்பத்தில் எழுநூறு மில்லி போனது. ஆகவே ஆயிரத்து இருநூறு குடிக்கலாம் என்றார்கள்.

வைரக்கண்ணு எங்கள் வாய்க்கால் பாசன சபையின் தலைவர். இருபது வருடமாக யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை வைத்துக் கொடுப்பவர். அவர் கையில் இப்படி ஒரு கணக்கு கிடைத்தால் விடுவாரா? கோடு போட்ட பிளாஸ்டிக் குடுவை ஒன்று வாங்கினார். நீள நோட்டு ஒன்று போட்டார். உள்ளே போனது ஒரு பக்கம், வெளியே வந்தது ஒரு பக்கம். உள்ளே போவதைத் தானே அளந்து கொடுப்பார். வெளியே வருவதை மட்டும் மங்களம் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். அதற்கு மேல் ஒரு புருஷன் என்ன செய்ய முடியும்?

ரெங்கசாமி டீக்கடையில் மற்ற ஆம்பிளைகள் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் கண்டது என்று பேசுவார்கள். வைரக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வீட்ல இன்னும் எழுநூறு போகுதுய்யா. தஞ்சாவூர்லயே வேற யாருக்கும் கிடையாது" என்பார். ரெங்கசாமி முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு அடுத்த டீயை ஆற்றுவார்.

அந்த மனிதருக்கு இப்போது ஒரு பக்கம் பெண்டாட்டியின் நெஞ்சு, மறு பக்கம் எழுநூறு.

"அப்பா, டை இல்லாம எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு கேளுங்க" என்றான் அரவிந்தன். பிறகு அவனே, "இல்ல, இருங்க. அதுக்கும் ஒரு டை இருக்காம். காடோலினியம். கிட்னி போனவங்களுக்கு அதைப் போட்டா தோலெல்லாம் கல்லு மாதிரி இறுகிடும்னு நெட்ல போட்டிருக்கான்."

"பாத்தீங்களா! தோலு வேற போகுதாம்!" கலைமகள் கையைத் தட்டினாள். எந்தப் பக்கம் வாதாட வந்தோம் என்பதே பையனுக்கு மறந்துவிட்டது.

மங்களம் மட்டும் உள்ளே ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பது தினசரி நடக்கிற காரியம் இல்லை.

"எல்லாரும் செத்த சும்மா இருங்க. திங்கக்கெழமை டாக்டரம்மாகிட்டயே கேட்டுக்குவோம்" என்றார் வைரக்கண்ணு.

காரில் ஒரு இடம் காலியாக இருந்தது. துணைக்கு வருகிறேன் என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

இதய டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குத்தி, கண்ணாடி, பேச்சில் அவசரமே இல்லை. கலைமகள் தன் மாமனார் கதையை முதலிலிருந்து சொன்னாள், வைரக்கண்ணு நெட்டில் போட்டிருந்ததைச் சொன்னார். டாக்டரம்மா இரண்டையும் கேட்டார்.

"நெட்ல சொன்னது எம்ஆர்ஐக்குப் போடற மருந்து. அதுலயும் பழைய ரகத்துல வந்த பிரச்சினை. இப்ப போடற புது ரகத்துல ரொம்ப அபூர்வம். நான் போடப்போறது அது இல்ல, அயோடின் கலந்தது. அந்தத் தோல் சமாச்சாரம் இதுல கிடையாது."

"அப்ப எங்க மாமனாரு?"

"அவருக்குச் சர்க்கரையால கிட்னி பாதிதான் வேலை செஞ்சுகிட்டிருந்திருக்கும். அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் நாங்களும் பயப்படறது. மிச்சம் இருக்கிற கிட்னியை இந்த மருந்து கெடுக்கலாம். உங்க பயம் தப்பில்லம்மா."

கலைமகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் ஆறு மாதம் மறக்க மாட்டேன்.

"சரி, இவங்களுக்கு இப்ப எவ்வளவு போகுது?"

வைரக்கண்ணு நோட்டை விரித்து மேஜைமேல் வைத்தார். பட்டா காட்டுகிற மாதிரி விரலை வைத்துக் காட்டினார். "எழுநூறும்மா. ஒரு நாள் ரெண்டு நாள் எழுநூத்தி இருபது கூட."

டாக்டரம்மாவின் புருவம் மேலே போனது. "ரெண்டு வருஷம் கழிச்சா? அது பெரிய விஷயமாச்சே. அப்ப அதைக் காப்பாத்தத்தான் பார்க்கணும். கிட்னி டாக்டர்கிட்டயும் பேசறேன். அதுவரைக்கும் மாத்திரை தர்றேன், வலி அடங்குதா பார்ப்போம்." பிறகு ஒரு வெள்ளைக் கேனை எடுத்து நீட்டினார். "புதன் காலைலேருந்து வியாழன் காலை வரைக்கும் போறது முழுசும் இதுல பிடிச்சுக் கொண்டாங்க. அளந்து, சோதிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம். நடுவுல வலி வந்து மாத்திரைக்கு அடங்கலைன்னா, எதையும் யோசிக்காம உடனே வந்துடணும்."

மங்களம் கேனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், யாரோ பிள்ளையைக் கொடுத்த மாதிரி.

வெளியே வரும்போது டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிற மோகனப்பிரியா எதிரே வந்தாள். தரங்கம்பாடிப் பெண். எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். "ஏன் மங்களம்மா, எழுநூறு போறவங்களுக்கு ரெண்டே நாள்ல நாலு கிலோ எப்படி ஏறுது? எங்க எடை மெஷின்ல கோளாறா, உங்க நோட்டுல கோளாறா?"

"மெஷினைப் பாரும்மா" என்றார் வைரக்கண்ணு. மங்களம் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள்.

கோளாறு எதில் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. தகரக் கதவு, திறந்தால் மயில் அகவுகிற மாதிரி கத்தும். அது என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. ஒரு காலத்தில் பகலில் நாலு தடவை கத்திய கதவு தை மாதத்திலிருந்து காலையில் ஒரே ஒரு தடவைதான் கத்துகிறது, அதுவும் வேறு காரியத்துக்கு. நோட்டில் மட்டும் எழுநூறு வாடாமல் நின்றது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. காரணம், தினமும் நான்கு மணிக்கு மங்களம் என் வீட்டுக்கு வந்து நோட்டில் ஏறாத ஒரு டம்ளர் காப்பி குடிப்பாள். சில நாள் இரண்டு. எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

புதன்கிழமையும் வந்தாள். மஞ்சள் பையிலிருந்து கேனை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். பளிச்சென்று காலி.

"ஞானாக்கா, தண்ணியில ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போட்டா அந்த நெறம் வருமா?"

"வரும். லேப்ல மோந்து பாத்துட்டு, ரசம்னு ரிப்போர்ட் எழுதுவான்."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றது. ஒரு கை நெஞ்சுக்குப் போனது, இன்னொரு கை மேடையைப் பிடித்தது. நெற்றி முழுக்க வியர்வை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரை முந்தானை முடிச்சில் இருந்தது. நான்தான் அவிழ்த்து நாக்குக்கு அடியில் வைத்தேன். வலி இறங்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

அவள் நிமிர்ந்ததும் முதல் காரியமாக, கலந்து வைத்திருந்த காப்பியை எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன்.

"என்னக்கா?"

"இந்த வீட்ல இனிமே உனக்குக் காப்பி கெடையாது. நாலு கிலோ எப்படி ஏறுதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அதுல ஒரு கிலோ நான் ஏத்தினது. எப்பலேருந்துடி நின்னு போச்சு?"

"ஐப்பசியில நானூறுதான் வந்துச்சு. அவருகிட்ட எழுநூறுன்னுட்டேன். கொறைஞ்சிருக்குன்னு சொன்னா அவரு மூஞ்சியைப் பாக்க முடியாதுக்கா. குறுவை நெல்லு கருகின வருஷம்கூட அப்படி ஆகமாட்டாரு. அப்புறம் எரநூறு. தையோட சரி."

"உண்மையைச் சொன்னா காப்பியும் போயிடும்."

"காப்பியும் போயிடும்தான். இல்லங்கல."

இரண்டு பேரும் கேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மங்களம், ஒண்ணு யோசிச்சியா? டாக்டரம்மா எதைக் காப்பாத்தறதுக்காக ஆஞ்சியோவைத் தள்ளிப் போட்டிருக்காங்க?"

முதலில் புரியாதவள்போலப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை வந்தது சிரிப்பேதான். "அட ஆண்டவா! தெக்கு வடிகால் தூந்து போயி, அதுமேல எவனோ மாடி வீடே கட்டிட்டான். இப்பப் போயி அந்த வடிகாலை யாரும் அடைச்சிடாதீங்கன்னு சபையில தீர்மானம் போட்ட மாதிரில்ல இருக்கு!"

"வீட்ல நான் சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா. நீங்க சொன்னா எங்க வீட்டுக்குக் கடைசியாத்தான் வந்து சேரும். நானே சொல்றேன்."

வியாழன் காலை ஆறு மணி. கார் வந்து வாசலில் நின்றது. பாபநாசத்திலிருந்து கலைமகள் ஸ்கூட்டியில் வந்திருந்தாள், கையில் வைத்தீஸ்வரன் கோயில் திருநீறு. அரவிந்தன் போனில். வைரக்கண்ணு சட்டை மாட்டிக்கொண்டு, "கேனை எடுத்துக்கிட்டியா?" என்றார்.

மங்களம் கேனைக் கொண்டுவந்து நோட்டின்மேல் வைத்தாள். "காலிங்க."

அவர் எடுத்து ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். "சிந்திடுச்சா?"

"சிந்தல. வரல. தை மாசத்துலேருந்து வரல."

"அம்மா என்ன சொல்றாங்க? கட்டாகுது" என்றது போன்.

"காலியாம்!" என்று மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான்தான் சொன்னேன். பிள்ளை தூரதேசத்தில் கிடந்து தவிக்கக் கூடாது இல்லையா?

கலைமகள்தான் முதலில் வெடித்தாள். "தை மாசமா? அண்ணி, மாசா மாசம் செவ்வாக்கெழமை பஸ் ஏறிப் போயி உங்க எழுநூறுக்காக அர்ச்சனை பண்ணிக்கிட்டிருக்கேன்! என்ன வேண்டுதல்னு குருக்கள் கேக்கறப்ப, வாயில சொல்ல முடியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"அந்த அர்ச்சனைதான் இன்னிக்கு என் வாயைத் தொறந்துச்சுன்னு வெச்சுக்க, கலை."

கலைமகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல விரலை மடக்கினாள். பிறகு, "அப்ப இனிமே போறதுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே! அப்புறம் என்ன பயம்? டையைப் போடச் சொல்லுங்க அண்ணி. ரெண்டு பாட்டிலாப் போடச் சொல்லுங்க!" என்றாள். கட்சி மாறுவதில் இவ்வளவு வேகம் தேர்தல் நேரத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வைரக்கண்ணு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுநூறு, எழுநூறு, அறுநூத்தித் தொண்ணூறு. நம்பும்படி இருக்கட்டும் என்று நடுநடுவே குறைத்தும் சொல்லியிருக்கிறாள், கெட்டிக்காரி.

"டீக்கடை பூரா சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஊரு சிரிக்கும், மங்களம்."

"சிரிக்கட்டும். நான் இருந்து கேக்கறேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் பெண்டாட்டியை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை, கண்டிருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. நோட்டை மூடினார். கேனைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தார். "கெளம்பு, நேரமாச்சு" என்றார்.

டாக்டரம்மா மங்களத்தைத் திட்டினார். குரலை உயர்த்தாமல் திட்டியதால் நன்றாகவே பட்டது. போக வழியில்லாத தண்ணீரையும் சேர்த்து ஆறு மாதம் இதயம் சுமந்திருக்கிறது, டயாலிசிஸில் அதை ஒரேயடியாக இழுக்கும்போது மறுபடியும் இதயம்தான் வதைபட்டிருக்கிறது என்றார். மங்களம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுவரில் இருந்த கண் தான விளம்பரத்தைப் படித்தேன்.

"சரி. இனி கிட்னிக்காகத் தயங்க வேண்டியதில்லை. உள்ள போற மருந்து அளவை மட்டும் கம்மியா வெச்சுக்குவேன். நாளைக்கே செஞ்சுடுவோம். மறுநாள் சனிக்கிழமை, உங்க வழக்கமான டயாலிசிஸ், அதுவே போதும். இந்த மருந்துக்காகத் தனியா ஒரு தடவை அவசரமா மெஷின்ல போட வேண்டாம்."

"ஆஞ்சியோ கை வழியாவா டாக்டர்?" என்று மோகனப்பிரியா கேட்டாள். அவளும் கூடவே வந்து நின்றிருந்தாள்.

"வேண்டாம். டயாலிசிஸ் பண்றவங்க கை ரத்தக் குழாயை நான் தொடமாட்டேன், அது மெஷின் ஊசிக்கு வேணும். தொடை வழியாப் போறேன்."

வெள்ளிக்கிழமை உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. மங்களம் சொல்லி இதுவரை பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். மோகனப்பிரியாவிடம் விசாரித்து, மிகையைக் கொஞ்சம் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

மயக்க மருந்து கிடையாது, தொடையில் மரத்துப்போகிற ஊசி மட்டும். பக்கத்தில் பெரிய திரை. டாக்டரம்மா மருந்தைச் செலுத்தியதும், திரையில் கறுப்பாக ஒரு ஓட்டம் கிளம்பிப் பிரிந்து பிரிந்து பரவியிருக்கிறது. மற்றவர்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் பாசன சபைத் தலைவரின் பெண்டாட்டி. படுத்தபடியே வாய்க்காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அந்தப் பக்கம் பாயவே இல்லையே?"

"எந்தப் பக்கம்மா?"

"முன்னாடி எறங்குதே, அது. தலைமடையிலேயே அடைஞ்சு கெடக்குதே! அதுக்குக் கீழ எல்லாம் காஞ்சு போயிருக்கு."

டாக்டரம்மா அந்த இடத்தைத் திரையில் இன்னொரு தடவை பார்த்தாராம். பிறகு, "நீங்க சொன்ன இடம்தான். தொண்ணூறு சதவீதம் அடைப்பு. இப்பவே எடுத்துடலாமா?" என்றிருக்கிறார். வெளியே வைரக்கண்ணுவிடம் கையெழுத்து வாங்க ஓடி வந்தார்கள். இருபது வருடம் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட மனிதருக்குத் தன் பெயரில் எத்தனை எழுத்து என்பது மறந்துவிட்டது. கலைமகள் பேனாவைப் பிடித்துக் கையில் திணித்தாள். "போடுண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த வேறு இரண்டு பேரும் அவரவர் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு மெல்லிய கம்பி உள்ளே போனது. அடைப்பில் ஒரு பலூன் உப்பியது. ஸ்டென்ட் என்கிற வலைக் குழாய் அங்கே உட்கார்ந்தது. கடைசியாக ஒரு தடவை மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். தலைமடையில் தயங்காமல் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, நுனி வரைக்கும் ஓடி, காய்ந்து கிடந்த இடமெல்லாம் கறுப்பாக நிறைந்தது.

"கடமடைக்குப் போயிடுச்சு!" என்று மங்களம் படுத்த இடத்திலிருந்தே கத்தினாள். "ஏங்க! கடமடைக்குத் தண்ணி போயிடுச்சுங்க!"

மூடிய கதவுக்கு வெளியே எங்களுக்கும் அது கேட்டது. காவிரித் தண்ணீர் வாய்க்கால் கோடியில் இருக்கிற கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற சொல்லுக்காக ஒவ்வொரு ஆடியும் காத்துக் கிடக்கிற மனிதர் வைரக்கண்ணு. பெஞ்சில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகை என்று நான் சொல்கிறேன். கண்ணில் தூசி என்று அவர் சொன்னார்.

சனிக்கிழமை வழக்கம்போல டயாலிசிஸ் ஆனது. இரண்டு வாரம் கழித்து மங்களம் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருக் கோடி வரை முன்பெல்லாம் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். அன்றைக்கு நிற்காமல் வந்தவள், ரெங்கசாமி கடை முன்னால் வேண்டுமென்றே நின்றாள். கடையில் சபை உறுப்பினர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். வைரக்கண்ணுவும் இருந்தார்.

கீழத்தெரு வீரையன் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "என்ன அண்ணி, எழுநூறு எப்படி இருக்கு?"

"அது காலி, தம்பி" என்றாள் மங்களம், நாலு பேருக்கும் கேட்கும்படியாக. "ஆனா என் கடமடைக்குத் தண்ணி வந்துடுச்சு. ஒங்க வயலுக்கு வந்துச்சா?"

வரவில்லை. ஆடி பாதி ஆகியும் வீரையன் வயலுக்கு வரவில்லை. கடை அதிரச் சிரித்தார்கள். எதற்கும் முகம் மாறாத ரெங்கசாமி அன்றைக்குத்தான் ஒரு டீயைக் கீழே கொட்டினார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வைரக்கண்ணு.

இப்போது அவளுக்கு நாளைக்கு அரை லிட்டர்தான். அதில் காலையில் ஒரே ஒரு டம்ளர் காப்பி. அதை முக்கால் மணி நேரம் குடிப்பாள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறுவதில்லை. வைரக்கண்ணு வேறு நோட்டுப் போட்டிருக்கிறார். "தஞ்சாவூர்லயே ஒண்ணரைக்குக் கீழ நிக்கிற ஆளு நம்ம வீட்லதான்யா" என்று டீக்கடையில் கேட்கிறது. இந்தத் தடவை எடை மெஷினே எழுதிக் கொடுக்கிறது.

மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் அரவிந்தன் மோகனப்பிரியாவைத்தான் கட்டுவான் என்று நான் மூன்று வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அம்மாவின் எடையை விசாரிக்க அவளுக்கு வாரத்துக்கு மூன்று தடவை யார் போன் பண்ணுவார்கள்? அவன் எடையை மட்டுமே விசாரித்திருக்கிறான். மோகனப்பிரியா தன் ஊரிலேயே விசைப்படகு வைத்திருக்கிற மனோகரன் மகன் யுவனைக் கட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போய்விட்டாள். மங்களம் அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரவிந்தனுக்குக் குடவாசலில் பெண் அமைந்தது. ஜோசியர் கொடுத்த நாலு முகூர்த்தத்தில் டயாலிசிஸ் நாளான வியாழக்கிழமையில் வந்த மூன்றையும் அடித்துவிட்டு, மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். கலைமகள் மகளுடைய பிரசவத்துக்கென்று பெங்களூர் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்; அந்த அடுக்குமாடியில் யாருக்கு ஆஞ்சியோ என்றாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம், டை என்றால் என்ன என்று விளக்கம் சொல்ல.

வைரக்கண்ணுவும் மங்களமும் போன ஆனியில் சபையை வீரையனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தஞ்சாவூருக்கே குடிபோனார்கள். கீழ் வீடு ஒன்று, மாடி வீடு ஒன்று காலியாக இருந்ததாம். மங்களம் மாடிதான் வேண்டும் என்று நின்றாளாம். இருபத்திரண்டு படி. போன மாதம் நான் போய் ஏறிப் பார்த்தேன். பதினாறாவது படியில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "என்னக்கா, அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? ஏறி வாங்க" என்றாள்.